இருட்டைத் தேடி வந்தவர்

ஜவ்வாது மலையில் என்ன கிடைக்கும் என்று அறுபதுகளில் போளூர், செங்கம் பக்கம் யாரைக் கேட்டாலும் சந்தனம், சாமை, தேன், பலா என்றுதான் சொல்லியிருப்பார்கள். திருவண்ணாமலைக்கு வடமேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு அது. மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள் எட்ட எட்டச் சிதறிக் கிடந்தன. பொழுது சாய்ந்தால் எங்கும் இருட்டு. கார்த்திகைக்கு மலையுச்சியில் தீபம் ஏற்றி ஊரையே கூட்டும் சீமையில், பக்கத்து மலையின் இருட்டை யார் சீந்துவார்கள்? ஆனால் அந்த இருட்டுக்காகவே ஒருவர் மலையேறி வந்தார்.

அவர் வைணு பாப்பு. ஹார்வர்டில் ஆய்வு மாணவராக இருந்தபோது, 1949-ல் அவர் கண்ணில் ஒரு வால்நட்சத்திரம் பட்டது. பாப்பு-போக்-நியூகிர்க் என்று அதன் பெயரிலேயே அவரும் இடம்பிடித்தார். அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். நாடு திரும்பி, நைனிடாலில் ஒரு வானாய்வகத்தை வளர்த்துவிட்டு, 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். சூரியனை ஆராய்வதற்குப் பேர்போன இடம் அது. அவருக்கோ நட்சத்திரங்கள் வேண்டும். இரவில் கொடைக்கானல் மேகம் விடுவதாக இல்லை. வேறு மலை பார்க்கக் கிளம்பினார்.

நகர வெளிச்சம் எட்டக்கூடாது. நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் பக்கமாக இருந்தால் வட வானத்தோடு தென் வானத்திலும் பெரும்பகுதி தெரியும். தேடல் கடைசியில் ஜவ்வாது மலையில், சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருந்த காவலூரில் வந்து நின்றது. கொடைக்கானல் பட்டறையில் உருவான 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி 1968-ல் அங்கே வேலையைத் தொடங்கியது. 1972-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியும் சேர்ந்துகொண்டது. வந்த கையோடு, வியாழனின் துணைக்கோளான கானிமீடுக்கு மெல்லிய காற்றுமண்டலம் இருப்பதற்கான தடயம் அதில் சிக்கியது. அதைவிடப் பெரிய மீன் ஒன்று ஐந்து வருடம் கழித்து வலைக்குள் வந்து நழுவியது.

1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகும் இரவு. கோள் அருகில் வருவதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி ஒரு கணம் மங்கியது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் என்று காவலூரில் கணித்தார்கள். அதே இரவில் பறக்கும் விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழுவுக்கு, கோளின் இரு பக்கமும் ஒரே மாதிரி மங்கியது தெரிந்தது. அப்படியானால் அது வளையம்! கண்டுபிடித்த பெருமை அவர்களுக்குப் போனது. காவலூர் பதிவில் இருந்ததும் அதே வளையம்தான். என் கணக்கில் இது தோல்வியில் சேராது. ஆனால் இன்னும் பெரிய கண்ணாடி கொண்ட தொலைநோக்கி வேண்டும் என்பது பாப்புவின் நெடுநாள் ஆசை.

2.34 மீட்டர் குறுக்களவு. அதுவும் உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று பிடிவாதம். பெங்களூரில் கண்ணாடியை மாதக்கணக்கில் தேய்த்து மெருகேற்றினார்கள். உலக வானியல் ஒன்றியத்தின் தலைவராகவும் உயர்ந்திருந்த பாப்பு 1982-ல் ஐரோப்பா போனார். மியூனிக்கில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஆகஸ்ட் 19 அன்று காலமானார். வயது 55. கண்ணாடி இன்னும் மலையேறியிருக்கவில்லை.

உடனிருந்தவர்கள் வேலையை நிறுத்தவில்லை. 1985-ல் தொலைநோக்கி வானத்தைப் பார்த்தது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் காவலூர் தொலைநோக்கி பிறந்த கதை இதுதான். நாட்டிலேயே பெரிய ஒளியியல் தொலைநோக்கி என்ற இடம் 2016 வரை அதனிடமே இருந்தது. அதை மிஞ்சிய 3.6 மீட்டர் தொலைநோக்கி தேவஸ்தலில் அமைந்தது. அமைத்தது, பாப்பு இளவயதில் நைனிடாலில் வளர்த்துவிட்டு வந்த அதே வானாய்வகம்.