57 விழுக்காடு எதை அளக்கிறது? பொசிஷன் டாலரன்ஸின் வட்ட மண்டலம் பற்றி ஒரு மறுவாசிப்பு

பொசிஷன் டாலரன்ஸுக்கு ஆதரவாக நம் துறையில் மீண்டும் மீண்டும் முன்வைக்கப்படும் சான்று ஒரு படம்: ஒரு சதுரமும், அதன் நான்கு மூலைகளையும் தொட்டுச் செல்லும் ஒரு வட்டமும். துளையின் மையத்துக்கு இரு அச்சுகளிலும் ±0.1 மி.மீ. கொடுத்தால் 0.2 மி.மீ. பக்கமுள்ள சதுர மண்டலம் உருவாகிறது. அதன் மூலைவிட்டம் 0.283 மி.மீ. மூலையில் விழும் மையம் தேறுமானால், அதே தொலைவில் வேறு திசையில் விழும் மையமும் தேற வேண்டும், ஆகவே 0.283 மி.மீ. விட்டமுள்ள வட்டமே முறையான மண்டலம். வட்டத்தின் பரப்பு சதுரத்தினுடையதைவிட 57% அதிகம் என்பதால் உற்பத்தியாளருக்கு ஆதாயமும் அவ்வளவே என்று முடிக்கிறார்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் அது நிறுவுவதாகச் சொல்லப்படுவதை நிறுவவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அதன் முன்னனுமானத்தைப் பார்ப்போம். சதுரத்தின் மூலை வரை பாகம் வேலை செய்யும் என்பது எப்படித் தெரிந்தது? வடிவமைப்பாளர் மூலைவிட்டத்தை மனத்தில் வைத்து ±0.1 எழுதியிருந்தால், வாதம் நிற்கும். எந்தத் திசையிலும் 0.1 மி.மீ.க்கு மேல் விலகக்கூடாது என்று கருதி எழுதியிருந்தாலோ, வரைய வேண்டியது சதுரத்துக்குள் அடங்கும் 0.2 மி.மீ. விட்டமுள்ள வட்டம். அதன் பரப்பு சதுரத்தைவிட ஏறத்தாழ 21% குறைவு. மூலைகளில் விழுந்து இதுவரை தேறிவந்தவை எல்லாம் பொருந்தாத பாகங்கள். ஒரே வரைபடத்திலிருந்து 57% ஆதாயமும் வரலாம், 21% இழப்பும் வரலாம். எது சரி என்பதைச் சதுரம் சொல்லாது. பாகத்தின் பயன்பாடுதான் சொல்லும். அந்தக் கேள்வியை எழுப்பாமலே விடையை எடுத்துக்கொள்கிறது மரபான வாசிப்பு.

மூலை தேறும் என்றே கொள்வோம். அப்போதும் பரப்பு என்பது தேறும் பாகங்களின் எண்ணிக்கை அல்ல. விலகல்கள் இரு அச்சுகளிலும் ஒன்றையொன்று சாராத இயல்நிலைப் பரவலில், சரியான மையத்தைச் சுற்றி அமைந்தன என்று எடுத்துக்கொண்டால், ±0.1 என்பது மூன்று திட்டவிலக்கத்துக்குச் சமமான இயந்திரத்தில் சதுரம் 99.46 விழுக்காட்டை ஏற்கும், வட்டம் 99.99 விழுக்காட்டை ஏற்கும். இரண்டு திட்டவிலக்கத்துக்குச் சமமானால் 91.1, 98.2. முதல் இயந்திரத்தில் கழிவு பெருமளவு குறைகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் தேறுபவை அரை விழுக்காடே கூடுகின்றன. இத்தகைய பரவலில் 57 என்ற எண்ணை நெருங்க வேண்டுமானால், விலகல்கள் மண்டலத்தைவிட மிகப் பெரிதாகச் சிதறி, பெரும்பாலான பாகங்கள் கழிவாக வேண்டும். பரவலின் மையம் நகர்ந்தால் எண் முற்றிலும் மாறும்: ஓர் அச்சின் வழியே 0.12 மி.மீ. நகர்ந்து நிற்கும் நுட்பமான இயந்திரத்தின் பாகங்களைச் சதுரம் ஏறக்குறைய முழுதும் தள்ளும், வட்டம் ஏறக்குறைய முழுதும் ஏற்கும். ஆதாயத்துக்கு ஒரு பொது எண்ணே கிடையாது.

வட்டம் வேறிடத்திலிருந்து வருகிறது. எடுத்துக்காட்டாக, இரு தகடுகளை எம்10 (10 மி.மீ. விட்ட) போல்ட்கள் ஊடுருவிப் பிணைக்கின்றன, துளைகள் 10.5 முதல் 10.8 மி.மீ. வரை இருக்கலாம். மிகச் சிறிய துளையிலிருந்து போல்ட்டின் விட்டத்தைக் கழித்தால் 0.5, ஒவ்வொரு தகட்டிலும் துளைக்குரிய பொசிஷன் டாலரன்ஸ் அதுவே. போல்ட் வட்டமானது, துளையும் வட்டமானது, எந்தத் திசையில் விலகினாலும் இடைவெளி ஒரே அளவில்தான் தீர்கிறது. மண்டலம் வட்டமாவதற்குக் காரணம் இதுதான். துளை பெரிதாகும் அளவுக்கு டாலரன்ஸும் கூடலாம் என்னும் எம்எம்சி குறி சேர்ந்தால், 10.8 மி.மீ. துளைக்கு 0.8 மி.மீ. வட்டம் கிடைக்கும், பரப்பில் 2.56 மடங்கு. சரியான இடங்களில் நிறுத்திய 10.0 மி.மீ. ஊசிகள் கொண்ட கேஜ் இத்துளைகளின் இடங்கள் அனைத்தையும் ஒரே செருகலில் சோதித்துவிடும். மண்டலம் வரைபடத்தில் உறைந்த உருவம் அல்ல; ஒவ்வொரு துளையோடும் அளவு மாறுவது. சதுர-வட்டப் படம் மறைப்பது இதைத்தான்.

வரலாறும் இவ்வாசிப்புக்கு இடம் தருகிறது. பொசிஷன் டாலரன்ஸ் முறையின் முன்னோடியாகக் கருதப்படுபவர் ஸ்காட்லாந்தின் அலெக்சாண்ட்ரியாவில் இருந்த ராயல் டார்பிடோ ஆலையில் பணிபுரிந்த ஸ்டான்லி பார்க்கர். 1940இல் அவர் வெளியிட்ட குறிப்புகளின் தலைப்பு பெருமளவு உற்பத்தியின் வடிவமைப்பையும் ஆய்வுச் சோதனையையும் ஒன்றாக நிறுத்துகிறது. ஒரு தலைப்பைக் கொண்டு அதிகம் நிறுவ முடியாது. ஆயினும் புதிய ஒப்பந்ததாரர்கள் தனித்தனியே செய்த பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டிய போர்க்காலச் சூழலில், முதற்கேள்வி எது சேரும் என்பதாகவே இருந்திருக்க வேண்டும்; பரப்பு அதன் பின்விளைவு.

57% வெறும் கற்பித்தல் உத்தி என்பார்கள். தவறான காரணத்தைக் கற்பிக்கும் உத்திக்கு இந்தச் சலுகை பொருந்தாது. எம்எம்சி இல்லாத இடங்களும் உண்டே என்றால், அழுத்திப் பொருத்தும் ஊசித் துளைகளில் மண்டலத்தின் அளவு மாறாது என்பது உண்மைதான்; அங்கும் வட்டத்துக்கான காரணம் திசைப் பாகுபாடின்மையே. பற்சக்கரங்களின் மைய இடைவெளியைப் போல ஒரு திசை மட்டும் முக்கியமான இடத்தில், இரு திசைகளுக்கும் வெவ்வேறு பொசிஷன் டாலரன்ஸ் கொடுக்க ஏஎஸ்எம்இ ஒய்14.5 தரநிலையே இடமளிக்கிறது. வட்டம் இயல்பாகவே மேலானது என்றால் அந்த ஏற்பாட்டுக்குத் தேவையே இல்லை.

இதிலிருந்து நடைமுறையில் ஒன்று பின்தொடர்கிறது. பழைய வரைபடங்களின் ± அளவுகள் தரும் மொத்த அகலத்தை 1.414ஆல் பெருக்கிப் பொசிஷன் டாலரன்ஸாக மாற்றும் வழக்கம், மூலை தேறும் என்ற சோதிக்கப்படாத அனுமானத்தைப் புதிய குறியீட்டுக்குள் கடத்துகிறது. மாற்ற வேண்டியவர் பழைய எண்ணிலிருந்து தொடங்கக்கூடாது. துளைக்குள் என்ன செல்கிறது, அதற்கு எவ்வளவு இடைவெளி தேவை என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.