கடலைக் கடப்பவர் யார்?

மருத்துவ வரலாற்றை எழுதுவோர் மருந்துகளைப் பற்றியும் மருத்துவர்களைப் பற்றியும் விரிவாக எழுதுவர். நோயாளி மருந்தை அடைந்த வழியின் வரலாறோ பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ஆயின், ஒரு சமுதாயம் தன் எளிய மக்களை எவ்வாறு மதித்தது என்பதை அறிய விரும்புவோர்க்கு அவ்வழியே தக்க சான்றாகும். யாழ்ப்பாணத் தீவகத்தைப் பொறுத்தவரை இவ்வரலாறு முழுவதும் ஒரு வினாவில் அடங்கிவிடுகின்றது. கடலைக் கடக்க வேண்டியவர் யார்? நோயாளியா, மருத்துவமா? காப்புறுதிப் பணமும் நோயாளர் உதவியும் இணையவழியாகக் கோரப்படும் இந்நாளில் அவ்வினா புதிய கோலத்தில் மீண்டும் எழுந்துள்ளது.

வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகியன தரைப்பாதையால் குடாநாட்டோடு பிணைக்கப்பட்டவை. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்குப் படகே பாதை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் செல்லல் வேண்டும். காற்றுக் கடுமையாகும் நாட்களில் அப்படகும் ஓடாது. தீவுகளில் வைத்தியசாலைகள் உண்டெனினும், பெருநோய் கண்டவர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கே செல்லல் வேண்டும். ஆகவே தீவகத்தவனுக்கு நோயின் செலவு மருந்தின் விலையோடு முடிவதில்லை. படகுக்காகக் காத்திருக்கும் பொழுதும், தொழிலிழந்த நாளும், துணைக்கு வருபவரின் கூலியும் அச்செலவில் அடங்கும்.

மேனாட்டு மருத்துவம் குடாநாட்டில் வேரூன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆகும். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவப் பணி தொடங்கிய அவர் அறுபதுக்கு மேற்பட்ட சுதேச மாணவருக்கு மருத்துவம் பயிற்றினார். அவர்களுட் பலர் அதனைத் தமிழிலேயே கற்றனர். 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் இம்முயற்சியின் பயனாக வெளிவந்தன. மதம் பரப்புதல் மிஷனின் நோக்கங்களுள் ஒன்று என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும், மக்கள் மொழியில் இல்லாத மருத்துவம் மக்களைச் சென்றடையாது என்னும் உண்மையை அவர் கண்டுகொண்டமை போற்றத்தக்கது. 1850இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் நகரில் ஒரு தரும வைத்தியசாலை எழுந்தது. பின்னர் அதனை அரசாங்கம் பொறுப்பேற்றது. ஆயின் இவையனைத்தும் தருமத்தின் பாற்பட்டன. தீவகத்தவன் கடலைக் கடந்து வந்தாற் பெறுவான், வராவிடிற் பெறான்.

அக்காலத்து அரசு தீவுக் கடலை எந்நோக்குடன் பார்த்தது என்பதற்கு ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீரின் நடுவே நிற்கும் கடற்கோட்டை சான்று. ஒல்லாந்தர் காலத்திற் சிறந்து விளங்கிய அக்கோட்டை, ஆங்கிலேயர் ஆட்சியிற் சிறையாகவும் தொற்றுநோயாளரைத் தனிப்படுத்தி வைக்கும் இடமாகவும் பயன்பட்டது. நோயாளியை அணுகுவதற்கன்றி, அவனிடமிருந்து பிறரைக் காப்பதற்கே கடல் அன்று உதவியது.

இருபதாம் நூற்றாண்டிலேயே இந்நிலை மாறிற்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டது. மருத்துவிச்சியும் சுகாதாரப் பரிசோதகரும் வீடு தேடிச் செல்லும் முறை அதிலிருந்து நாடெங்கும் பரவியது. 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தபின், வாக்காளனின் நோயை ஆள்வோர் புறக்கணித்தல் எளிதன்று. 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டபோது, இடதுசாரித் தொண்டர்கள் கிராமங்களுக்கு உணவும் மருந்தும் சுமந்து சென்றனர். நோய் வறுமையின் உடன்பிறப்பு என்பதை நாடு அன்று கண்டது. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது.

இவ்விடத்து ஒன்றை மனங்கொள்ளுதல் வேண்டும். 1883இல் ஜெர்மனி தொழிலாளருக்கென வகுத்த வழி காப்புறுதி வழியாகும். சந்தா செலுத்தியவன் பயன் பெறுவான். 1948இல் இந்தியா இயற்றிய தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டமும் அவ்வழியிற் சென்றதே. இலங்கை வேறு வழியை மேற்கொண்டது. பொது வரிப்பணத்தால் வைத்தியசாலையை நடத்தி, அதன் வாயிலை எல்லோர்க்கும் திறந்து வைத்தது. அவ்வாயிலில் நிற்பவன் தான் யார் என்பதை நிறுவவேண்டியதில்லை. நோயே அவனுடைய விண்ணப்பம்.

சிறு தடையும் பெருந்தடையாகலாம் என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1971இல், இடதுசாரிக் கட்சிகள் பங்குகொண்ட ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலத்தில், வெளிநோயாளரிடம் இருபத்தைந்து சதம் அறவிடும் முறை புகுத்தப்பட்டது. இருபத்தைந்து சதம் யாரைத் தடுக்கும் எனக் கேட்டோர் இருந்திருத்தல் கூடும். ஆயின் வைத்தியசாலைக்கு வருவோர் தொகை பெருமளவு வீழ்ந்தது. 1977இல் அக்கட்டணம் கைவிடப்பட்டது. கொழும்பில் மேசையிலிருந்து காண்பவர்க்குத் துரும்பாகத் தோன்றுவது, வாயிலில் நிற்கும் ஏழைக்கு மதிலாகின்றது.

பின்னர் போர் வந்தது. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளுமாகப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். தீவின் உயிர்ப்பாதையே கொலைக்களமாயிற்று. 1990ஐ அடுத்து ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களின் மக்கள் பெருந்தொகையினராக இடம்பெயர்ந்தனர். வீட்டோடும் நிலத்தோடும் அவர்கள் இழந்த பொருளொன்று உண்டு. அது கடதாசி. பிறப்புச் சான்றும் திருமணச் சான்றும் உறுதியும் பலருக்கு அழிந்தன. உரிமையைச் சான்றுகொண்டு நிறுவவேண்டிய காலம் வந்தபோதே அவ்விழப்பின் கனம் முழுமையாக விளங்கிற்று.

அக்காலமும் வந்தது. அரசாங்க வைத்தியசாலைகளில் நெருக்கடி மிகுந்து, தனியார் மருத்துவமனைகள் பெருகப் பெருக, இலவச மருத்துவத்தின் அருகே உதவித் திட்டங்கள் பல முளைத்தன. 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட ஜனாதிபதி நிதியம் இருதய, சிறுநீரக நோயாளர் முதலியோர்க்குப் பண உதவி வழங்குகின்றது. 1997இல் அரச ஊழியர்க்கென அக்ரஹார காப்புறுதி தோன்றியது. அதனை இன்று நடத்துவது 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியமாகும். 2017இல் பாடசாலை மாணவர்க்குச் சுரக்ஷா காப்புறுதி வந்தது. இடையில் நின்றுபோன அது 2024இல் மீண்டும் உயிர்பெற்றது. ஆசிரியர்களாகிய நாம் முன்னையதன் உறுப்பினர். பின்னையதன் படிவங்களைப் பெற்றோர்க்கு விளக்கும் கடமையும் நமக்கே வாய்த்தது.

இத்திட்டங்களின் இயல்பு 1951இன் இயல்பினின்றும் வேறுபட்டது. இங்கே நோய் மட்டும் போதாது. சிட்டையும், மருத்துவரின் சான்றும், உறவை நிறுவும் பத்திரமும், வங்கிக் கணக்கும் வேண்டும். இப்பொழுது பதிவும் கோரிக்கையும் படிப்படியாக இணையவழிக்கு மாறிவருகின்றன.

இம்மாற்றத்தை வெறுப்பது பேதைமை. ஜனாதிபதி நிதியத்தின் உதவியை நாடிய தீவகத்து ஏழை, முன்னர் தலைநகரிலுள்ள அலுவலகத்தையே நம்பியிருந்தான். 2025 பெப்ரவரியில் அந்நிதியத்தின் சேவைகள் பிரதேச செயலகங்களுக்கு விரிவாக்கப்பட்டன. விண்ணப்பத்தை அங்கே கையளித்தால், அது இணையவழியாகக் கொழும்பை அடையும். நெடுந்தீவுக்குத் தனியான பிரதேச செயலகம் உண்டு. ஆகவே கடலைக் கடப்பது நோயாளியன்று, அவனுடைய விண்ணப்பம். இது உண்மையான முன்னேற்றம்.

ஆயின் அம்முன்னேற்றத்தின் காரணத்தை நாம் சரியாக உணர்தல் வேண்டும். அங்கே கணினியோடு ஒரு மனிதரும் இருக்கின்றார். தமிழில் வினவி, தாளைப் பார்த்து, குறையைச் சுட்டி, விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்ளும் அலுவலர் அவர். அம்மனிதரை நீக்கிவிட்டு இணையத்தளத்தை மாத்திரம் கொடுத்தால் நிகழ்வது வேறு. எழுத்தறியாத முதியவள் பேரனின் கைத்தொலைபேசியை நாடுவாள். பேரன் வெளிநாட்டிலிருப்பின் கடைக்காரருக்குக் காசு கொடுப்பாள். தன் நோயையும் வங்கிக் கணக்கையும் அந்நியர் முன் விரித்துரைப்பாள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் யாரிடம் கேட்பது என அறியாது மீண்டும் படகேறுவாள். அன்றைய இருபத்தைந்து சதம் இன்று கடவுச்சொல்லாக மாறி அதே வாயிலில் நிற்கும்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. காப்புறுதி பற்றிய ஒவ்வொரு படிவமும், ஒவ்வோர் அறிவித்தலும், நிராகரிப்பின் காரணமும் நல்ல தமிழில் இருத்தல் வேண்டும். கிறீன் ஒன்றரை நூற்றாண்டின் முன் செய்ததை இன்றைய அரசு செய்ய இயலாதென்பது பொருந்தாது. போரில் அழிந்த பத்திரங்களுக்குப் பதிலாக ஊரறிந்த சான்றை ஏற்கும் நெறி வேண்டும். தீவு வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் விண்ணப்பத்துக்கு உதவும் அலுவலர் ஒருவர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கோரிக்கைப் பணம் பெறும் வசதி பெருகியது என்பதனால் பொது வைத்தியசாலையின் மருத்துவரும் மருந்தும் குறைதல் ஆகாது. நள்ளிரவில் மகப்பேற்று நோவுகொண்ட பெண்ணுக்கு வேண்டியது தீவில் விழித்திருக்கும் மருத்துவரும், துறையில் ஆயத்தமாய் நிற்கும் படகும் ஆகும். காப்புறுதிப் பணம் அவற்றின் இடத்தை நிரப்பாது.

மருத்துவிச்சி வீடு தேடி வந்தமையும், வைத்தியசாலை வாயில் கட்டணமின்றித் திறந்தமையும் வாக்குரிமை பெற்ற மக்களின் வலிமையால் நிலைபெற்ற வெற்றிகள். இணையமும் அவ்வழியில் மக்களுக்குப் பணிசெய்யும் கருவியாதல் கூடும். அதனை அவ்வாறு ஆக்குவது தீவக மக்களினதும், அவர்களோடு நிற்கும் கற்றோரினதும் ஒன்றுபட்ட குரலேயாம்.