கண்டி மாநகரின் உள்வீதிகளிற் குடியும் முதலும்

ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் அரண்மனையையும் கோயில்களையும் கொண்டு எழுதுவதே பெருவழக்கு. ஆயின், அந்நகரின் உள்வீதிகளிற் குடியிருந்தோர் யாவர், அங்கே பொருளை முதலிட்டோர் யாவர் என ஆராயின் வேறொரு வரலாறு புலனாகும். குடியிருப்போரும் முதலிடுவோரும் எக்காலத்தும் ஒருவரேயாக இருப்பதில்லை. கண்டி மாநகரில் இவ்விரு திறத்தாரும் கூடியும் பிரிந்தும் வாழ்ந்த முறைமையே ஈண்டு ஆராயப்படுகின்றது.

மன்னராட்சிக் காலத்தில் வீடு என்பது விற்று வாங்கும் பொருளாகப் பெரிதும் கருதப்படவில்லை. அது குடியினனின் தகுதியைக் காட்டும் அடையாளமாகவே விளங்கிற்று. ஓட்டுக் கூரை வேய்வதும் சுவருக்கு வெண்சுண்ணம் பூசுவதும் சாதாரண குடிகளுக்கு மறுக்கப்பட்டிருந்தன. 1739ஆம் ஆண்டில் நாயக்கர் வமிசம் கண்டிச் சிங்காதனம் ஏறியபின், தென்னிந்தியாவினின்றும் வந்த அரச உறவினர் நகரின் ஒரு வீதியிற் குடியமர்ந்தனர். பிற்காலத்தில் அது மலபார் வீதி எனப் பெயர் பெற்றது. 1815 மார்ச் 2ஆந் தேதி கைச்சாத்தான கண்டி உடன்படிக்கையோ, அரசனுடைய உறவினராகிய ஆடவர் அனைவரையும் கண்டிப் பிரதேசங்களினின்றும் விலக்கிற்று. சிறைப்பட்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1832இல் ஆண்டே மாண்டான். அரசனருளால் வந்த குடியிருப்பு அரசு மாறிய அன்றே அற்றுப்போயிற்று. ஆனால் வீதியின் பெயர் மாத்திரம் எஞ்சிற்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலைமை முற்றும் மாறிற்று. 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கோப்பித் தோட்டங்கள் மலைச்சரிவுகளிற் பரவின. கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தேசாதிபதி பார்ன்ஸ் காலத்துப் பெருந்தெரு அமைந்தது. 1867இல் புகையிரதமும் கண்டியை வந்தடைந்தது. தோட்டத்துக்கு வேண்டிய அரிசியும் துணியும் கண்டி வழியாகச் சென்றன. தோட்டத்தின் விளைபொருளோ கண்டி வழியாக இறங்கிற்று. சதுரங்கப் பலகை போற் குறுக்கும் நெடுக்குமாக அமைந்த பழைய அரச வீதிகள் கடைத் தெருக்களாயின. வார்டு வீதி, காசல் வீதி, திருக்கோணமலை வீதி எனப் பெயரிடப்பட்டவை பின்னர் முறையே தலதா வீதி, கொட்டுகொடெல்ல வீதி, டி. எஸ். சேனநாயக்க வீதி ஆயின. ஒடுங்கிய முகப்பும் நீண்ட உட்புறமும் உடைய கட்டடத்தில் முன்னே கடையும் பின்னே பண்டசாலையும் மேலே உறைவிடமுமாக வாழ்வது வணிகர் வழக்கமாயிற்று.

இவ்வீதிகளுக்கு வேண்டிய பணத்தை அளித்தோருள் நாட்டுக்கோட்டைச் செட்டியார் முதன்மையானவர். ஐரோப்பிய வங்கிகள் பெருந்தோட்டத் துரைமாரையும் ஏற்றுமதிக் கம்பனிகளையுமே நாடின. சிறு வணிகனுக்கும் உள்ளூர்க் காணிக்காரனுக்கும் அவற்றின் கதவு எளிதில் திறக்கவில்லை. செட்டியாரோ அவ்வங்கிகளிடமே குறைந்த வட்டிக்குப் பெற்ற பணத்தைத் தம் முதலுடன் சேர்த்து, கூடிய வட்டிக்குக் கடன் கொடுத்தனர். அவர்தம் தொழில்முறை ஆராயத்தக்கது. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவருடைய முகவர் பொதுவாக மூன்றாண்டுத் தவணையில் ஈழத்துக்கு வந்து பெட்டியடியில் அமர்ந்து கணக்கு நடத்துவார். தவணை முடிந்ததும் ஊர் திரும்புவார். மனைவி மக்கள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தனர். முதல் கண்டியில், குடி காரைக்குடியில் அல்லது தேவகோட்டையில். சிக்கனத்துக்கும் நாணயத்துக்கும் பேர்போன இம்முறையில் ஒரு குறையும் இருந்தது. வீதியில் முதலிட்டவர் அவ்வீதியின் அயலவராக ஆகவில்லை.

முதல் என்பது என்றும் அசையாது நிற்பதன்று. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1884இல் ஓரியந்தல் வங்கி முறிந்தது. தேயிலை அந்நட்டத்தை ஈடுசெய்தது. 1925இல் செட்டியார் கடன் முறைக்கு நெருக்கடி நேர்ந்தபோது, வங்கிகள் அவர்களுக்குக் கொடுத்துவந்த கடனைச் சுருக்கிக்கொண்டன. 1929க்குப் பின் வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் ஈடுவைத்த காணிகளும் வீடுகளும் கடன் கொடுத்தார் கைக்கு மாறின. பணத்தை வாங்க விரும்பியவர் வீட்டை வாங்க நேர்ந்தது. வீட்டை இழந்தவர் உள்ளத்தில் மனக்கசப்பு வேரூன்றிற்று. 1934இல் அமைந்த வங்கிக் குழுவின் ஆய்வும், 1939இல் இலங்கை வங்கி தோன்றியதும் இச்சூழ்நிலையின் விளைவுகளே.

இனி, முதலின்றிக் குடியிருந்தோரை நோக்குவோம். கடைச் சிப்பந்திகள், சுமை தூக்குவோர், நகரசுத்தித் தொழிலாளர் ஆகியோர் தலைமுறை தலைமுறையாக இந்நகரிலே வாழ்ந்தனர். மஹய்யாவையில் உள்ள தொழிலாளர் குடியிருப்பு இதற்குச் சான்று. நகரை நாள்தோறும் துப்புரவாக்கியோருக்கு நகரில் ஓரடி மண்ணும் சொந்தமின்றியிருந்தது. முஸ்லிம் வணிகரும், யாழ்ப்பாணத்து உத்தியோகத்தரும் ஆசிரியரும் அயல் வீதிகளில் வாழ்ந்தனர். கட்டுக்கலைச் செல்வ விநாயகர் ஆலயம் தமிழ்ச் சைவரை ஒன்றுகூட்டும் இடமாயிற்று.

சுதந்திரத்தின் பின், ‘குடி யார்?’ என்னும் வினா சட்டத்தின் வினாவாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டமும் நிறைவேறின. பின்னைய சட்டம், 1946 சனவரி 1ஆந் தேதிக்கு முன் விவாகமானவர் 7 ஆண்டும் ஆகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இங்கே வசித்ததற்குச் சான்று கேட்டது. மனைவி மக்களின் வதிவையும் வினாவிற்று. ஊரிலே குடும்பத்தை வைத்திருந்த வணிகனுடைய முதல் ஈண்டுப் பயன்படவில்லை. இங்கேயே பிறந்த தொழிலாளிக்கோ, வாழ்ந்ததைக் காட்டக் கடதாசி இல்லை. இவ்வாறாக முதலுடையவன் குடியின்மையாலும், குடியுடையவன் சான்றின்மையாலும் தோற்றனர். நாடெங்கணும் எட்டிலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. அவர்களுள் ஏறக்குறைய 1,34,000 பேரே உரிமை பெற்றனர். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சியோருட் பெரும்பாலோரை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. நாடற்றோர் பிரச்சினை 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாலேயே தீர்வை எய்திற்று.

இது கண்டிக்கு மாத்திரம் உரிய கதையன்று. சுமாத்திராவின் மேடான் நகரில், ஒல்லாந்தர் காலத்துப் புகையிலைத் தோட்டங்களை ஒட்டித் தமிழர் குடியேறினர். நகரின் நடுவே அவர்கள் வாழ்ந்த பகுதி கம்போங் கெலிங் எனப்பட்டது; பின்னர் கம்போங் மதராஸ் எனப் பெயர் மாறிற்று. 1884இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் அங்கே இன்றும் விளங்குகின்றது. 1960ஆம் ஆண்டின் இந்தோனேசிய நிலச்சட்டம், முழு நிலவுடைமையை அந்நாட்டுக் குடிகளுக்கே உரியதாக்கி, அந்நியருக்குப் பயன்படுத்தும் உரிமை போன்ற குறைந்த உரிமைகளையே விட்டது. ஆங்கும் குடியுரிமை பெற்றவனே மண்ணுக்கு உரியவன் ஆனான்.

ஈழத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், பிரசையல்லாதாருக்குக் கைமாறும் காணிமீது அதன் பெறுமதிக்குச் சமமான வரியை விதித்தது. 1972இன் வாடகைச் சட்டமும் 1973இன் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டமும் வாடகைக்குக் குடியிருப்போனுக்குக் காவலாயின. ஆயின், வாடகை வருவாய் கட்டுண்டமையால் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்க உடைமையாளர் பலர் முன்வரவில்லை. 1983 யூலை மாதத்தில் கண்டி வீதிகளிலும் தமிழர் கடைகள் தீக்கிரையாயின. 2018 மார்ச்சில் திகணையிலும் அயலூர்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் அதே துயரை எய்தின. உறுதிப் பத்திரம் கையில் இருந்தும் அது நெருப்பைத் தடுக்கவில்லை.

1988இல் கண்டி உலக மரபுரிமை நகராயிற்று. அதன்பின் உள்வீதிக் கட்டடம் ஒன்றை வாங்குவோன் விலையையும் வாடகையையும் கணக்கிடுவதோடு அமையலாகாது. உறுதி செவ்விதா, உள்ளிருக்கும் குடியின் உரிமை யாது, பழைய முகப்பை மாற்ற அனுமதி உண்டா என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும். ஆயின், வரலாறு கற்பிக்கும் பாடம் இவற்றினும் பெரிது. வட்டியைத் தவணைக்குள் ஈட்டலாம். அயலவரின் நம்பிக்கையைத் தவணைக்குள் ஈட்டல் இயலாது. அதனை ஈட்டியோரையும் சட்டமும் அரசும் காவாதவிடத்து அவர்தம் உழைப்பு வீணாம். வீதியைக் கூட்டுவோனும், கடை நடத்துவோனும், கடன் கொடுப்போனும் ஒரே நகரத்தின் குடிகள் என மதிக்கப்படும்போதே அங்கே இட்ட முதலும் நிலைபெறும்.