காற்றில் வைத்த விளக்குகள்



பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வந்ததும் நம் பந்தல்குடி வீடுகளில் ஒரு கேள்வி எழுவதுண்டு: "பெண் பிள்ளை இதற்குமேல் படித்து என்ன செய்யப்போகிறாள்?" மழை பொய்த்த ஆண்டில் அக்கேள்வி இன்னும் உரக்க ஒலிக்கும். அதற்கு விடையாக ஒருவருடைய வாழ்க்கையை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறேன்.

எலனோர் மக்டூகல் அம்மையார் இலண்டன் வெஸ்ட்ஃபீல்டு கல்லூரியில் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களைக் கற்பித்த அறிஞர். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915-ஆம் ஆண்டில் அப்பணியை விட்டுச் சென்னைக்கு வந்தார். இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா நாடுகளின் 12 மிஷனெரிச் சங்கங்கள் ஒன்றுகூடித் தொடங்கிய மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியின் முதலாவது முதல்வர் அவரே. தொடக்கத்தில் இருந்தது ஒரு வாடகை வீடு. மாணவியர் 41 பேர், ஆசிரியர் 7 பேர். மறு ஆண்டே நுங்கம்பாக்கத்திலுள்ள டவ்டன் மாளிகைக்குக் கல்லூரி இடம் மாறியது.

அக்கல்லூரியின் குறிக்கோள் மொழியை நீங்கள் அறியவேண்டும். ஒளி பெற்றவர்கள் பிறருக்கு ஒளி தரவே பெற்றார்கள் என்பது அதன் பொருள். படிப்பு தனக்கு மட்டும் கிடைத்த அணிகலன் அன்று. கைம்மாற்றிக் கொடுக்கவேண்டிய சுடர்.

1938 வரை, 23 ஆண்டுகள் அம்மையார் அப்பொறுப்பைச் சுமந்தார். பின்பு தென்னிந்தியக் கல்லூரிப் பெண்களையும் அவர்களுடைய இடர்ப்பாடுகளையும் குறித்துத் தாம் அறிந்தவற்றை ஒரு நூலாக எழுதினார். 1940-இல் வெளிவந்த அந்நூலுக்கு அவர் இட்ட பெயர் 'காற்றில் விளக்குகள்' எனப் பொருள்படும். கல்லூரியின் வெற்றிகளைப் புகழும் தலைப்பை அவர் தேடவில்லை. ஏற்றிய விளக்கைக் காற்று சும்மா விடாது என்பதை அறிந்தவர் அல்லவா!

அன்பானவர்களே, நம் கரிசல் பூமியில் வீசும் காற்று எது? கடன், வறட்சி, அவசரத் திருமணம், ஊரார் பேச்சு. இவற்றோடு, "போதும், நிறுத்திவிடு" என்னும் நம் சொந்தக் குரலும் சேர்ந்துகொள்கிறது. அன்று 41 பெண்களுக்காக ஒருவர் கடல் கடந்து வந்தார். இன்று அருப்புக்கோட்டைக்குப் பேருந்து ஏறினாலே கல்லூரி இருக்கிறது. ஆயினும் நம் வாசலைத் தாண்டுவதே சில பிள்ளைகளுக்குக் கடலைத் தாண்டுவதாக இருக்கிறது.

விளக்கை மூடிவைப்பதைக் குறித்து மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சொன்னதை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். இவ்வாரம் அதை நம் வீட்டு மகளை நினைத்து வாசிப்போம். அவள் படிப்புக்கு நாம் வீசும் காற்றா, அணைத்துக் காக்கும் கையா? கர்த்தர் நம்மைக் காக்கும் கைகளாக்குவாராக. ஆமென்.