அறியப்படாத ஓவியர்களின் பெயர்களை மீட்டவர்: கலை விமர்சகர் பி.என்.கோஸ்வாமி

சண்டிகர்: இமயமலை அடிவாரச் சிற்றரசுகளில் தோன்றிய பஹாடி சிற்றோவியங்களைத் தீட்டியவர்கள் யார் என்ற வினாவுக்கு, யாத்திரைத் தலங்களின் பேரேடுகளில் விடை தேடியவர் கலை வரலாற்றாசிரியரும் விமர்சகருமான பிரிஜிந்தர் நாத் கோஸ்வாமி.

1933-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி, இன்றைய பாகிஸ்தானிலுள்ள சர்கோதாவில் அவர் பிறந்தார். 1956-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, இரண்டே ஆண்டுகளில் பதவி விலகி ஆய்வுக்குத் திரும்பினார். காங்ரா ஓவியங்களின் சமூகப் பின்னணியை ஆராய்ந்து 1961-இல் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அங்கேயே கலை வரலாற்றுப் பேராசிரியராகப் பணியாற்றினார்.

பேரேடுகளில் கிடைத்த தடயம்

பஹாடி ஓவியங்களைக் குலேர், பசோலி, காங்ரா என அரசுகளின் பெயராலேயே அறிஞர்கள் வகைப்படுத்தி வந்தனர். பெரும்பாலான ஓவியங்களில் கையொப்பம் இல்லாததால், தீட்டியவர்கள் அறியப்படாமலே இருந்தனர்.

ஹரித்வார் போன்ற தலங்களில் உள்ள தீர்த்த புரோகிதர்கள், தங்களிடம் வரும் குடும்பங்களின் ஊர், குலம், முன்னோர் விவரங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பேரேடுகளில் பதிந்து வருகின்றனர். அவற்றை ஆராய்ந்த கோஸ்வாமி, குலேரைச் சேர்ந்த ஓவியர் பண்டித சேவு, அவருடைய புதல்வர்கள் மானக்கு, நைன்சுக் ஆகியோரின் வம்சாவளியை வெளிக்கொணர்ந்தார். ஓவியர்கள் வேறு அரசவைக்கு இடம்பெயர்ந்தாலும் குடும்பத்தின் கைவண்ணம் அவர்களுடனேயே சென்றது. ஆகவே, பாணிக்கு அடிப்படை அரசு அன்று, குடும்பமே என 1968-இல் 'மார்க்' இதழில் அவர் நிறுவினார்.

நைன்சுக் பற்றிய அவரது நூல் 1997-இல் வெளியானது. அவரது ஆய்வை அடிப்படையாகக் கொண்டு அமித் தத்தா இயக்கிய 'நைன்சுக்' திரைப்படம் 2010-இல் வெளிவந்தது.

பரந்த ஆர்வம்

ஜவுளிக் கலை, சீக்கியக் கலை மரபு, உருதுக் கவிதை என அவரது ஆர்வம் விரிந்திருந்தது. 'தி டிரிப்யூன்' நாளிதழில் பல்லாண்டுகள் கலைப் பத்தி எழுதினார். 101 ஓவியங்களை விளக்கும் 'தி ஸ்பிரிட் ஆஃப் இந்தியன் பெயின்டிங்' நூல் 2014-இல் வெளிவந்தது. கலையிலும் இலக்கியத்திலும் இடம்பெற்ற பூனைகள் குறித்தும் தனி நூல் எழுதினார்.

1998-இல் பத்மஸ்ரீ, 2008-இல் பத்மபூஷண் விருதுகளைப் பெற்ற அவர், 2023 நவம்பர் 17-ஆம் தேதி சண்டிகரில் தமது 90-ஆவது வயதில் காலமானார்.

2011-இல் சூரிச்சிலும் நியூயார்க்கிலும் நடைபெற்ற இந்திய ஓவியக் கண்காட்சியை அமைத்தவர்களுள் அவரும் ஒருவர். அதில் ஓவியங்கள் அரசுகளின் பெயரால் அல்லாமல், ஓவியர்களை முன்னிறுத்தியே வைக்கப்பட்டிருந்தன.