பனிச்சறுக்குப் பலகை பராமரிப்பு

பனிச்சறுக்குப் பலகை பராமரிப்பு என்பது ஸ்கீ என அழைக்கப்படும் பனிச்சறுக்குப் பலகைகளின் அடிப்பரப்பு, எஃகு விளிம்பு, காலணிப் பிணைப்பு ஆகியவற்றைச் சுத்தம் செய்தல், பழுது நீக்குதல், கூர்மையாக்குதல், மெழுகிடுதல் முதலிய பணிகளைக் குறிக்கும். போட்டி வீரர்களுக்கு இப்பணியைச் செய்யத் தனித் தொழில்நுட்பர்கள் உள்ளனர். ஆண்டுக்கு ஓரிரு வாரங்கள் மட்டும் விடுமுறையில் சறுக்கச் செல்வோர் கடைகளில் கொடுத்தோ தாமாகவோ இதனைச் செய்துகொள்கின்றனர். இக்கட்டுரை மலைச்சரிவில் இறங்கும் ஆல்ப்பைன் வகைப் பலகைகளை வீட்டிலேயே பராமரிக்கும் முறையை விளக்குகின்றது.

பலகையின் அமைப்பு

தற்காலப் பலகை ஒன்று மரத்தாலோ நுரைப்பொருளாலோ ஆன உட்கருவையும், அதன் மேலும் கீழும் கண்ணாடியிழை, உலோகம் முதலியவற்றாலான அடுக்குகளையும் கொண்டது. பராமரிப்பில் முக்கியமானவை பின்வரும் மூன்று பகுதிகள் ஆகும்.

அடிப்பரப்பு: இது மிக உயர் மூலக்கூற்று எடை கொண்ட பாலிஎத்திலீன் நெகிழியால் ஆனது. உருக்கிப் பிதுக்கித் தயாரிக்கப்படும் வகை விலை குறைந்தது, பழுது பார்க்க எளிதானது. தூளை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுக்கித் தயாரிக்கப்படும் வகை தேய்மானத்தை நன்கு தாங்கும். மெழுகையும் அதிகம் உள்வாங்கும். ஆனால் மெழுகின்றி விடப்பட்டால் இரண்டாம் வகையின் சிறப்பு பெரிதும் குறைந்துவிடும்.

எஃகு விளிம்பு: கெட்டியான பனியில் பிடிப்பைத் தருவது இதுவே. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர் 1926 ஆம் ஆண்டில் எஃகு விளிம்புக்குக் காப்புரிமை பெற்றார்.

காலணிப் பிணைப்பு: காலணியைப் பலகையுடன் இணைத்து, விழும்போது குறிப்பிட்ட விசைக்கு மேல் விடுவிக்கும் பொறியமைப்பு. நோர்வேயில் பிறந்த அமெரிக்கரான யால்மார் வாம், 1937 இல் தம் கால் முறிந்த பின்னர், தானே விடுபடும் பிணைப்பு ஒன்றை உருவாக்கி 1939 இல் காப்புரிமை பெற்றார்.

மெழுகின் பணி

பலகை நகரும்போது உராய்வினால் உண்டாகும் வெப்பம் பனியின் மேற்பரப்பில் மிக மெல்லிய நீர்ப்படலத்தைத் தோற்றுவிக்கின்றது. இப்படலமே வழுக்கலுக்கு உதவுகின்றது. கடுங்குளிரில் படலம் போதுமானதாக இருப்பதில்லை. பனிப்படிகங்களின் கூரிய முனைகள் அடிப்பரப்பில் குத்தி உராய்வைக் கூட்டுகின்றன. எனவே குளிருக்குக் கடினமான மெழுகு பயன்படுத்தப்படுகின்றது. மாறாக, வெப்பநிலை உறைநிலையை நெருங்கும்போது நீர் மிகுந்து, பலகை பனியோடு ஒட்டி உறிஞ்சப்படுவது போன்ற நிலை ஏற்படும். அப்போது நீரை விலக்கும் மென்மையான மெழுகு ஏற்றது. நீரை வெளியேற்றுவதற்காகவே அடிப்பரப்பில் கல் இயந்திரத்தால் நுண்ணிய வரிப்பள்ளங்களும் இடப்படுகின்றன.

நோர்டிக் நாடுகளில் முற்காலத்தில் பைன் மரத்தார் பூசப்பட்டது. சுவீடனைச் சேர்ந்த வீரர் மார்ட்டின் மாட்ஸ்போவின் பங்களிப்புடன் 1946 இல் தோன்றிய சுவிக்ஸ் நிறுவனம் வெப்பநிலைக்கேற்ப மெழுகுகளை நிறத்தால் வேறுபடுத்தியது. பச்சை, நீல நிறங்கள் குளிருக்கும், சிவப்பு, மஞ்சள் நிறங்கள் இளஞ்சூட்டுக்கும் எனக் குறிக்கும் வழக்கம் இன்றும் பரவலாக உள்ளது. விடுமுறைப் பயணிகளுக்குப் பரந்த வெப்பநிலை வீச்சில் பயன்படும் பொதுமெழுகு ஒன்றே பெரும்பாலும் போதுமானது.

தேவையான கருவிகள்

* பலகையை அசையாமல் பிடிக்கும் ஒரு சோடி வைஸ்
* கோண வழிகாட்டியுடன் கூடிய அரம்
* வைரத்துகள் பதித்த தேய்ப்புத் தகடு, மென்மையான இரப்பர்க் கல்
* பழுது நீக்கும் பாலிஎத்திலீன் குச்சி, உலோகச் சுரண்டி
* வெப்பநிலைக் கட்டுப்பாடு கொண்ட மெழுகு இஸ்திரிப்பெட்டி
* அக்ரிலிக் சுரண்டி, பித்தளை மற்றும் நைலான் தூரிகைகள்

துணி தேய்க்கும் இஸ்திரிப்பெட்டி ஏற்றதன்று. அதன் வெப்பநிலை மிகுதியாக ஏறி இறங்கும். நீராவித் துளைகளில் மெழுகும் தேங்கும். அடிப்பரப்பின் பாலிஎத்திலீன் ஏறத்தாழ 130 முதல் 136 பாகை செல்சியசில் உருகத் தொடங்குவதால், சூடான பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தினால் அடிப்பரப்பு நிரந்தரமாகச் சேதமடையும்.

செய்முறை

பணிகளின் வரிசை முக்கியமானது. மெழுகிட்ட பின் விளிம்பை அராவினால் உலோகத் துகள்கள் மெழுகில் பதிந்துவிடும். ஆகவே பழுது நீக்கல், விளிம்பு, மெழுகு என்ற வரிசையே பின்பற்றப்படுகின்றது.

1. தயார்நிலை: பலகையைத் துடைத்து உலர்த்தி, பிணைப்பின் தடைக்கம்பிகளை இரப்பர் பட்டையால் மேலே இழுத்துக் கட்ட வேண்டும்.

2. அடிப்பரப்புப் பழுது: கீறலைச் சுத்தம் செய்து, பாலிஎத்திலீன் குச்சியைப் பற்றவைத்து உருகும் துளிகளால் நிரப்ப வேண்டும். சுடரைத் தாழ்த்திப் பிடித்தால் கரி சேர்வது குறையும். ஆறிய பின் மிகுதியை உலோகச் சுரண்டியால் சமன்செய்யலாம். உட்கரு தெரியும் அளவுக்கு ஆழமான காயம், விளிம்பு பெயர்தல், அடுக்குகள் பிரிதல் ஆகியவற்றைக் கடையில் கொடுத்தே சரிசெய்ய வேண்டும்.

3. விளிம்பு கூராக்கல்: கல்லில் மோதிய இடத்தில் எஃகு இறுகிக் கடினமாவதால் அரம் அங்கு வழுக்கும். அவ்விடத்தை முதலில் வைரத் தகட்டால் தேய்க்க வேண்டும். பின்னர் அரத்தை வழிகாட்டியில் பொருத்தி, முனையிலிருந்து வால் நோக்கிச் சீராக இழுக்க வேண்டும். பக்கவாட்டு விளிம்பின் கோணம் பொதுவாக 87 முதல் 89 பாகை வரை அமையும். அடிப்புறச் சாய்வு 0.5 முதல் 1 பாகை வரை இருக்கும். விளிம்பில் மார்க்கர் பேனாவால் மை தீட்டிவிட்டு அராவினால், மை முழு அகலத்திலும் நீங்குகிறதா என்பதைக் கொண்டு கோணம் பொருந்துவதை அறியலாம். இறுதியில் பிசிறுகளை இரப்பர்க் கல்லால் நீக்க வேண்டும். ஒவ்வொரு முறை அராவும்போதும் எஃகு குறைவதால், வைரத் தகடு போதுமான இடத்தில் அரத்தைத் தவிர்ப்பது பலகையின் ஆயுளை நீட்டிக்கும். அடிப்புறச் சாய்வைத் தவறாகக் கூட்டிவிட்டால் அடிப்பரப்பு முழுவதையும் இயந்திரத்தில் தேய்த்தே மீட்க இயலும். ஆகவே புதியோர் பக்கவாட்டு விளிம்பை மட்டும் கையாள்வது நலம்.

4. மெழுகிடல்: பித்தளைத் தூரிகையால் அழுக்கை அகற்றி, மெழுகுக் கட்டியைப் பெட்டியில் தொட்டு உருக்கித் துளிகளாக விட வேண்டும். மெழுகின் உறையில் குறிப்பிட்டுள்ள வெப்பநிலையையே பயன்படுத்த வேண்டும். மெழுகு புகைந்தால் வெப்பம் மிகை என்று பொருள். பெட்டியை நிறுத்தாமல் முனையிலிருந்து வால் வரை நகர்த்திப் பரப்ப வேண்டும்.

5. சுரண்டலும் தூரிகையிடலும்: அறை வெப்பநிலையில் குறைந்தது அரை மணிநேரம் ஆறவிட்டு, அக்ரிலிக் சுரண்டியால் மேல்மெழுகை நீக்கி, தூரிகையால் வரிப்பள்ளங்களைத் திறந்துவிட வேண்டும். அடிப்பரப்பு உள்வாங்கிய மெழுகே பணிபுரிகின்றது. மேலே தங்கும் மெழுகு வேகத்தைக் குறைக்கும்.

அடிப்பரப்பு உலர்ந்து வெளிறித் தோன்றுவது, குறிப்பாக விளிம்பை ஒட்டிய பகுதியில், மீண்டும் மெழுகு தேவை என்பதன் அறிகுறியாகும்.

பயணத்தின்போது

குளிர்நாடுகளில் சாலைகளில் தூவப்படும் உப்பு விளிம்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே வாகனத்தின் கூரையில் கொண்டுசெல்லும் பலகைகள் உறையிலோ மூடிய பெட்டியிலோ இருத்தல் வேண்டும். ஒவ்வொரு நாளும் சறுக்கி முடித்ததும் பலகைகளைத் துடைத்து, இரண்டின் அடிப்பரப்புகளும் ஒன்றோடொன்று உரசாதவாறு வைத்து உலர்த்த வேண்டும். ஈரமான உறைக்குள் ஓர் இரவு இருந்தாலே மெல்லிய துரு தோன்றும். அதனை இரப்பர்க் கல்லால் நீக்கலாம். ஒரு வாரப் பயணத்துக்குக் கையடக்க வைரத் தகடும், சூடின்றித் தேய்க்கும் மெழுகும் போதுமானவை.

பருவம் முடிந்ததும் பலகையைச் சுத்தம் செய்து, விளிம்பையும் மூடுமாறு மெழுகைத் தடிப்பாக இட்டு, சுரண்டாமல் உலர்ந்த குளிர்ந்த இடத்தில் வைப்பர். அடுத்த பயணத்துக்கு முன் அது சுரண்டி எடுக்கப்படும்.

காலணிப் பிணைப்பும் பாதுகாப்பும்

வீட்டில் செய்யத்தகாத பணி பிணைப்பின் விடுவிப்பு அளவை மாற்றுவதாகும். இவ்வளவு சறுக்குபவரின் எடை, உயரம், அகவை, திறன், காலணியின் அடிநீளம் ஆகியவற்றைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. பொருத்துதல், சரிசெய்தல், சோதித்தல் ஆகியவற்றுக்கான நடைமுறையை ஐஎஸ்ஓ 11088 என்னும் பன்னாட்டுச் சீர்தரம் வரையறுக்கின்றது. அளவு மிகையானால் விழும்போது பலகை கழலாமல் கணுக்கால் எலும்பு முறியலாம். குறைவானால் வேகமாகச் செல்லும்போதே கழன்று விபத்து நேரலாம். அளவுகோலில் தெரியும் எண் மட்டும் உறுதி தராது. தேய்ந்த அல்லது மண் படிந்த பிணைப்பு அதே எண்ணில் வேறு விசையில் விடுபடக்கூடும். எனவே விசை அளக்கும் கருவி உள்ள கடையில் பருவந்தோறும் சோதித்துக்கொள்வது பரிந்துரைக்கப்படுகின்றது. காலணியை மாற்றினாலும், தேய்ந்த அடிப்பகுதியைப் புதுப்பித்தாலும் மறுசோதனை தேவை. உரிமையாளர் செய்யக்கூடியவை பனியையும் மண்ணையும் அகற்றுதல், தளர்ந்த திருகுகளைக் கவனித்தல், தடைக்கம்பி தடையின்றி இயங்குவதைப் பார்த்தல் ஆகியவையே. கிரீசைக் கரைக்கும் வேதிப்பொருட்களையும் உயரழுத்த நீரையும் பயன்படுத்தக் கூடாது.

உடல்நலமும் சூழலும்

நீரை மிகச் சிறப்பாக விலக்கும் புளோரின் சேர்ந்த மெழுகுகள் பல பத்தாண்டுகள் போட்டிகளில் பயன்பட்டன. இவற்றிலுள்ள பெர்புளோரோ சேர்மங்கள் இயற்கையில் எளிதில் சிதைவதில்லை. உருகும் பனியுடன் மண்ணையும் நீரையும் அடைகின்றன. மெழுகிடும் தொழில்நுட்பர்களின் குருதியில் இச்சேர்மங்கள் மிகுந்திருப்பதை 2010 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் இவற்றுள் ஒன்றான பெர்புளோரோ ஆக்டனாயிக் அமிலத்தை 2020 சூலை முதல் தடைசெய்தது. பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2019 இல் அறிவித்த தடை 2023-24 பருவத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

பழைய மெழுகுக் கட்டிகளைப் பயன்படுத்துவோர் உறையில் புளோரின் குறிப்பு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். இருப்பின் அதைச் சூடாக்காமல், அபாயக் கழிவாக ஒப்படைப்பதே முறை. புளோரின் இல்லாத மெழுகாயினும் காற்றோட்டமுள்ள இடத்தில் பணிபுரிந்து, சுரண்டிய துகள்களைச் சேகரித்துக் குப்பையில் இட வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* பனிச்சறுக்கு
* உராய்வு
* பாலிஎத்திலீன்
* துருப்பிடித்தல்