கோவேறு கழுதை ஏன் ஈனுவதில்லை?



ஜெர்சி கலப்புக் கிடாரி ரெண்டு மூணு ஊசிக்கும் சினை நிக்கலைன்னா, "கலப்புதானே, கோவேறு கழுதை மாதிரி மலடாத்தான் இருக்கும்" என்று சொல்லி அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அப்படித் தள்ளும் முன் அந்தக் கழுதையின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. பாரம் சுமக்கும், மலையேறும். குட்டி மட்டும் போடாது. இது ஏன் என்று சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டில் வாதாடியிருக்கிறார்கள். செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கிச் சேர்த்தால் வெண்கலம் கெட்டியாகிவிடுகிறதல்லவா, அதுபோல இரண்டு வித்தும் சேர்ந்து இறுகிப்போகிறது என்றார் எம்பெடோக்ளிஸ். அரிஸ்டாட்டில் அதை ஒப்பவில்லை. கழுதை குளிர்ந்த உடம்புள்ள பிராணி, அதனால்தான் என்பது அவர் கட்சி. ரெண்டு பேருமே நுண்ணோக்கி பார்க்காதவர்கள்; குறை சொல்வதற்கில்லை.

1916ல் அமெரிக்காவில் வோட்செடாலெக் என்ற ஆய்வாளர் ஆண் கோவேறு கழுதையின் விதையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். விந்தணு உண்டாகும் வேலை பாதியிலேயே நின்றுபோயிருந்தது. குரோமோசோம்களை அவர் எண்ணிய கணக்கு தப்பு. ஆனாலும் கோளாறு இருக்கிற இடத்தைப் பிடித்துவிட்டார். சரியான கணக்கு 1960களில் வந்தது. குதிரைக்கு 64, கழுதைக்கு 62. தாயிடமிருந்து 32, தகப்பனிடமிருந்து 31, ஆக கோவேறு கழுதைக்கு 63. வித்து உண்டாகும்போது ஒவ்வொரு குரோமோசோமும் தன் ஜோடியோடு சேர்ந்து நிற்க வேண்டும். இங்கே எண்ணிக்கையும் ஒற்றைப்படை, அமைப்பும் பொருந்தாது. ஆகவே வேலை நின்றுபோகிறது. அபூர்வமாகப் பெண் ஈன்றதுண்டு. 1980களில் சீனாவிலும் அமெரிக்காவிலும் குரோமோசோம் பார்த்து உறுதி செய்தார்கள்.

எண்ணிக்கை ஒத்துப்போனால் போதுமா? போதாது, பாருங்கள். லடாக்கிலும் திபெத்திலும் யாக் என்ற சடைமாட்டையும் நம் பசுவினத்தையும் கலக்கிறார்கள். ரெண்டுக்கும் 60தான். பிறக்கிற பெண் கன்று ஈனும், பால் தரும். ஆண் மலடு, ஏருக்குத்தான் ஆகும். கலப்பில் ஒரு பால் மட்டும் மலடானால், அது பால் குரோமோசோம் ரெண்டும் வேறுபட்டிருக்கிற பாலாகத்தான் பெரும்பாலும் இருக்கும் என்று 1922லேயே எழுதிவைத்தார் ஹால்டேன். (இவர் 1957ல் இந்தியாவுக்கே வந்துவிட்டார், 1964ல் புவனேஸ்வரத்தில் காலமானார்.) பாலூட்டிகளில் அது ஆண், கோழியினத்திலோ பெட்டை. காரணம், பிரிந்து வாழ்ந்த ரெண்டு இனங்களில் தனித்தனியாக மாறிய மரபணுக்கள் ஒரே உடம்பில் சந்திக்கும்போது இசைவதில்லை. அப்படிப்பட்ட ஒரு மரபணுவை 2009ல் பிராக் நகரத்து ஆய்வாளர்கள் எலியில் கண்டுபிடித்தார்கள்.

இனி நம்ம கிடாரிக்கு வருவோம். ஜெர்சிக்கும் 60, நாட்டு மாட்டுக்கும் 60. மரபணுக்களும் அவ்வளவு தூரம் விலகியவை அல்ல. கலப்புக் காளைகளில் விந்துத் தரம் குறைந்து கழிக்கப்படுபவை கொஞ்சம் உண்டுதான். ஆனால் கிடாரி சினை நிக்காததற்கு இனக்கலப்பு மலடு காரணமில்லை. பருவத்தைத் தவறவிட்டிருக்கலாம், தாது உப்பு பற்றாமல் இருக்கலாம், கர்ப்பப்பையில் சீழ் இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்: காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரியா என்று. கருவில் ரெண்டின் ரத்தமும் கலந்துவிடுவதால் அப்படிப் பிறந்த கிடாரிகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் மலடுதான். அது கலப்பினமானாலும் சரி, சுத்த நாட்டு மாடானாலும் சரி.